அலகுக் காவடி ஆகமத்தில் இல்லையென்றால் எங்கிருந்து வந்தது?

கிராணி பேத்தி | சனி, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். நான் பினாங்குல ஆயர் ஈத்தாம் பக்கம். தைப்பூசம் முடிஞ்சாச்சு, எங்க குடும்ப வாட்சப் குழுவுல சண்டை மட்டும் இன்னும் முடியல. தாய்மாமா ஒருத்தர் கொஞ்ச நாளா சித்தாந்த வகுப்புக்குப் போறார். "அலகு குத்துறது, சாமி ஆடுறது எல்லாம் எந்த ஆகமத்துலயும் கிடையாது. தோட்டத்து ஜனங்க பழக்கம். நம்ம தலைமுறையோட நிறுத்தணும்"னு எழுதிட்டார். அம்மாவுக்குக் கோவம். ஏன்னா எங்க அம்மாச்சிக்கு, அதாவது மாமாவைப் பெத்தவங்களுக்கே, கடைசி வரைக்கும் அருள் வரும்.

மாமாவை மடக்க நான் இங்க வரல. உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும். இது எவ்வளவு பழசு? யார் கொண்டாந்தாங்க? இதுக்கு முன்னாடி யாராவது நிறுத்தப் பார்த்தாங்களா?

பட்டர்வொர்த் மச்சான் | சனி, இரவு 9:31

ஆகமத்துல எல்.இ.டி. லைட்டும்தான் இல்ல, கோபுரம் பூரா சுத்தி வச்சிருக்காங்களே, அதை உங்க மாமா பார்க்கலையா?

சரி, நான் கச்சான் பொட்டலத்தோட உட்கார்ந்துட்டேன். வாத்தியார் ஐயா எங்க இருந்தாலும் மேடைக்கு வரவும்.

ஓய்வு வாத்தியார் | சனி, இரவு 11:02

கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டேன்.

அம்மா, தைப்பூசம், காவடி, அருள் வருதல் என்று மூன்றைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். மூன்றும் மூன்று காலத்தில் பிறந்தவை. தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஒரே நாளில் ஒன்றாகப் பார்ப்பதால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது.

தைப்பூசத்துக்கு ஏழாம் நூற்றாண்டுச் சான்று இருக்கிறது. ஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பூம்பாவையை எழுப்பப் பாடிய பதிகத்தில், ஊர்ப் பெண்கள் நெய் மணக்கும் பொங்கலோடு கொண்டாடும் தைப்பூசத்தைக் காணாமலே போவாயோ என்று கேட்கிறார். அது கபாலீச்சரம், சிவன் கோயில். அந்தப் பாட்டில் முருகனும் இல்லை, காவடியும் இல்லை.

அருள் வருவது அதைவிட மிகப் பழையது. வேல் ஏந்தி மருள் கொண்டு ஆடும் பூசாரிக்குச் சங்க காலத்தில் வேலன் என்று பெயர், அவன் ஆட்டம் வெறியாட்டு. தொல்காப்பியம் புறத்திணையில் இதற்கு இடம் தந்திருக்கிறது. அகநானூற்று 22ஆம் பாட்டைப் பாருங்கள். களம் அமைத்து, மாலை சூட்டி, ஊரே அதிரப் பாடி, செந்தினையைக் குருதியோடு கலந்து தூவி, நடுச்சாமத்தில் முருகனை அழைக்கிறார்கள். பாடியவர் ஒரு பெண். இதைப் பாடியதாலேயே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் பெற்றார். திருமுருகாற்றுப்படையின் கடைசிப் பகுதியில் ஆட்டுக் கிடாயின் குருதியில் பிசைந்த வெள்ளரிசியைப் பலியாகத் தூவி முருகனை வரவழைப்பவள் ஒரு குறமகள். சிலப்பதிகாரத்தில் எயினர் குலத்துச் சாலினி மேல் கொற்றவை ஏறுகிறாள். பெண் மேல் தெய்வம் வருவதைப் பார்த்து அன்று யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதை உங்கள் மாமாவிடம் தனியாகச் சொல்லுங்கள்.

காவடி என்பது அடிப்படையில் சுமை தூக்கும் தண்டு. அகத்தியர் சொற்படி சிவகிரி, சக்திகிரி இரண்டையும் தோளில் கட்டித் தூக்கிவந்த இடும்பன் பழனியில் இறக்கிவைத்தான், மறுபடி தூக்க முடியவில்லை என்பது தலபுராணம். பழனிக்கு நடந்து போகும் நகரத்தார் இன்றும் சர்க்கரைக் காவடிதான் எடுக்கிறார்கள். கழுகுமலை முருகன் மேல் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது 19ஆம் நூற்றாண்டில். நடைக்குத் தாளம் கூட்டும் பாட்டு அது.

ஆகமத்துக்கு வருகிறேன். சைவ ஆகமம் மூலநூல் 28. கோயிலை எப்படிக் கட்டுவது, திருமேனியை எப்படி நிறுவுவது, தீட்சை பெற்றவர் எப்படிப் பூசிப்பது என்பதெல்லாம் அதில் உண்டு. முருகன் கோயிலுக்குக் குமாரதந்திரம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தால் மலையேறி வருகிறேன் என்று ஒரு தாய் அடுப்படியில் வேண்டிக்கொள்வதை அந்த நூல்கள் பேச வந்தவையே அல்ல. அது நேர்த்திக்கடன். இல்லாத இடத்தில் தேடிவிட்டு இல்லை என்பது சரியான ஆராய்ச்சி ஆகாது.

சைவநெறி பினாங்கு | ஞாயிறு, காலை 7:40

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். ஆனால் பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விட்டுவிட்டீர்கள்.

அந்த 22ஆம் பாட்டு வெறியாட்டைப் புகழ்கிறதா? தலைவி மெலிந்ததற்குக் காரணம் காதல். தாய்க்கு அது தெரியாது, வேலனைக் கூப்பிடுகிறாள். முதிய பெண்கள் "முருகனை வழிபட்டால் தணியும்" என்று சொன்னதால்தான் அந்தச் சடங்கு. அந்த இரவே காதலன் காவலுக்குத் தப்பி வந்து அவளைச் சேர்கிறான். அவளுக்கு உடம்பு தேறுகிறது. நோயைத் தீர்த்த பெயர் வேலனுக்கு! அவளுக்கே சிரிப்பு வருகிறது. ஐங்குறுநூற்றின் வெறிப்பத்திலும் இந்தக் கிண்டல்தான். வெறியாட்டு பழசு என்றால் அதை நம்பாத தமிழனும் அதே அளவு பழசு.

"உள்ளம் பெருங்கோயில் ஊனுடம்பு ஆலயம்" என்றார் திருமூலர். ஆலயத்தின் சுவரில் யாராவது கொக்கி மாட்டுவார்களா?

இன்னொன்றும் சொல்கிறேன். வள்ளலார் 1874இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைத் திருக்காப்பிட்டுக்கொண்டது தைப்பூச நாளில்தான். வடலூரில் ஆண்டுதோறும் அதே நாளில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி தரிசனம். அங்கே அலகு கிடையாது, உருமி மேளம் கிடையாது, பசித்தவனுக்குச் சோறு உண்டு. அவர் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. அதுவும் தமிழனின் தைப்பூசம்தானே? அதைப் பின்பற்றச் சொன்னால் மட்டும் ஏன் தோட்டத்து ஜனங்களை இழிவுபடுத்துவதாக எடுத்துக்கொள்கிறீர்கள்?

நான் தாழ்த்திப் பேசவில்லை. என் அப்பாவும் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர்தான். எட்டடி உயரக் காவடி, சினிமாப் பாட்டு, பந்தலுக்குப் பின்னால் பீர் டின். இதற்கும் குறமகளுக்கும் என்ன தொடர்பு?

ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, காலை 8:15

கிண்டல் இருப்பது உண்மை, நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். ஆனால் அந்தக் கிண்டலுக்குத் தலைவியும் தோழியும் முருகனை இழுக்கவில்லை. வேலனின் கணிப்பைத்தான் சிரிக்கிறார்கள். நற்றிணையில் ஒரு தோழி முருகனைப் பார்த்தே "கடவுளாயினும் ஆக, மடவை மன்ற" என்கிறாள், அது ஒன்று விதிவிலக்கு. வள்ளலார் பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பீர் டின் பற்றியும் இல்லை.

உருமி தம்பி | ஞாயிறு, பிற்பகல் 1:20

சங்க காலம் எல்லாம் எனக்குத் தெரியாது ஐயா. ஸ்கூல் முடிச்சதுல இருந்து உருமி வாசிக்கிறேன், அதை வச்சுச் சொல்றேன்.

வெளிய நின்னு பார்க்கிறவங்களுக்கு மேளத்தைக் கேட்டதும் ஆளு ஆடுறான், அவ்ளோதான். உள்ள அப்படி இல்ல. விரதம் இருந்து வந்தவரைக் குளிக்கவச்சு நிக்கவைப்போம். சாம்பிராணி போடுவாங்க. முதல்ல அடி மெதுவாத்தான் போகும், கூட நிக்கிற சொந்தக்காரங்க "வேல் வேல்"னு குரல் குடுப்பாங்க. நாங்க ஆளோட மூச்சையும் தோளையும் பார்த்துக்கிட்டே இருப்போம். தோள் லேசா நடுங்கும், குதிகால் தரையில தட்ட ஆரம்பிக்கும், அப்பதான் அடியை ஏத்துவோம். ரொம்ப சீக்கிரம் ஏத்தினா வர்றது ஓடிப்போயிடும். இது பெரியவங்க பக்கத்துல நின்னு கத்துக்கிட்டது, யாரும் எழுதிக் குடுக்கல.

வந்ததும் பூசாரி கேட்பார், "யார் வந்திருக்கீங்க?" பேர் சொல்லணும். சிலபேர் சொல்ற தோரணையிலயே பூசாரிக்குத் தெரிஞ்சிடும், விபூதி போட்டு ஓரமா உட்காரவச்சு மோர் குடுத்துடுவார். சும்மா ஆடுறவங்களுக்கு அலகு போட மாட்டார். எல்லாக் குழுவுலயும் அப்படின்னு சொல்ல மாட்டேன். காசுக்குப் போடுறவங்களும் இருக்காங்க.

அலகு போடும்போது அடி வேற. நாக்குல, கன்னத்துல வேல் போறப்ப ஒரே சீரா வாசிக்கணும், தடுமாறக் கூடாது. இறக்கும்போது மலை மேல விபூதியை அப்பி அழுத்துவாங்க, எலுமிச்சம்பழம் பிழிவாங்க. அப்ப மேளத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்தணும். பட்டுனு நிறுத்தினா ஆளு தரையில விழுந்துடுவார்.

சைவநெறி அண்ணே, சினிமாப் பாட்டுல எனக்கும் உடன்பாடு இல்ல. வாடிக்கையாளரே கேட்டா என்ன பண்றது?

ரயில்ரோட்டுக் கதைகள் | ஞாயிறு, இரவு 8:48

"யார் கொண்டாந்தாங்க"க்கு யாரும் இன்னும் பதில் சொல்லலை. நான் முயற்சி பண்றேன், நீளமாத்தான் இருக்கும்.

பினாங்குக்கு முருகன் இரண்டு தடவை வந்தார்.

முதல் தடவை செட்டியார்களோட. வட்டிக்கடை போகிற இடமெல்லாம் தண்டாயுதபாணியும் போவார், பேரேட்டில் அவர் பேரில் கணக்கு இருக்கும், வியாபாரத்துல மகமை எடுத்துவச்சுக் கோயிலுக்குக் கொடுப்பாங்க. தண்ணீர்மலைச் சாலையில நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் 1857. வெள்ளி ரதம் 1894. பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலேருந்து ரதம் கிளம்புறதும், வழி நெடுகச் சீனர்கள் மலைமலையாத் தேங்காய் உடைக்கிறதும் நாம எல்லாரும் பார்க்கிறது. செட்டியார் காவடியில ரத்தம் கிடையாது.

இரண்டாவது தடவை கூலிகளோட வந்தார். நாகப்பட்டினத்துல ஏறி, டெக்கில் படுத்து, புலாவ் ஜெரெஜாக் தனிமை முகாம்ல காத்துக் கிடந்து கரைக்கு வந்தவங்க. முதல்ல கரும்புக்கும் காப்பிக்கும், அப்புறம் ரப்பருக்கு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிஞ்சது, அதுக்குள்ள தோட்டத்து மேஸ்திரியே ஊருக்குப் போய் ஆள் கூட்டிட்டு வர்ற கங்காணி முறை வேரூன்றிடுச்சு. கங்காணி எங்க போய் ஆள் பிடிப்பார்? தன் ஊர்ல, தன் சொந்தத்துல. அதனால திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காட்டு ஊர்கள் துண்டு துண்டா அப்படியே பெயர்ந்து ஒரே லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு வந்துச்சு. மாரியம்மன், மதுரைவீரன், முனியாண்டி, காளி எல்லாரும் கூடவே வந்தாங்க. துரைமார் கோயிலுக்குப் பணமும் திருவிழாவுக்கு லீவும் கொடுத்தது பக்தியால இல்ல. கோயில் இருந்தா ஆளு தோட்டத்தை விட்டு ஓடமாட்டான்.

ஊர்லயும் பெரிய கோயில்ல நுழைய முடியாதவங்க நிறைய பேர் வந்த கூட்டம் இது. இங்க லயத்துல குருக்கள் கிடையாது, பண்டாரமோ பூசாரியோதான். ஒரு காலத்துல கிராம எல்லையில நின்ன வழிபாடு ஊர் நடுவுக்கே வந்தது இப்படித்தான்.

அலகுக்கு வர்றேன். ஊர்ல மாரியம்மன் திருவிழாக்கள்ல அலகு இன்னைக்கும் உண்டு. அதோட செடில்னு ஒண்ணு இருந்தது. முதுகுத் தோல்ல இரும்புக் கொக்கி மாட்டி, உயரமான மரத்துல ஏத்தி ஆளைச் சுத்துவாங்க. பாதிரிமார் எழுதி எழுதி, 19ஆம் நூற்றாண்டு நடுவிலேருந்தே சென்னை மாகாண அரசு நெருக்க ஆரம்பிச்சது. 1890களில் சோழவந்தானில் மறுபடி நடத்தி, பத்திரிகையில் பெரிய ரகளை ஆகி, அரசு தடுத்தது. அதே ஆண்டுகள்லதான் கப்பல் கப்பலா ஜனங்க இங்க வந்துக்கிட்டிருந்தாங்க. இன்னைக்கு முதுகுல வரிசையாக் கொக்கி மாட்டி இழுக்கிறதைப் பார்க்கிற எனக்கு, அங்க மரத்துல ஏறமுடியாமப் போன நேர்த்திக்கடன் இங்க முருகனோட காவடியில ஏறிக்கிட்டதாத்தான் தோணுது. மாரியம்மனுக்குச் செஞ்சதை முருகனுக்குச் செய்றது நம்ம ஆளுக்குப் பெரிய தாவல் இல்ல, அம்மாதானே மகனுக்கு வேல் கொடுத்தா.

ஆக தண்ணீர்மலைச் சாலையில வருஷா வருஷம் சந்திக்கிறது இரண்டு முருகன். மாமா சொல்ற "தோட்டத்து ஜனங்க பழக்கம்" வரலாற்றுப்படி பெரும்பாலும் சரி. அதைக் குறையாச் சொல்றதுதான் எனக்கு உறுத்துது. தமிழ்நாட்டுல தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை விட்டதே 2021லதான்!

பட்டர்வொர்த் மச்சான் | ஞாயிறு, இரவு 8:59

கூலிச் சாமி மூணாவது தடவையும் இடம் மாறிச்சு அண்ணே. பிறை ஜாலான் பாரு முனீஸ்வரர் கோயிலுக்குப் போய்ப் பாருங்க. புது கார், புது லாரி எல்லாம் நம்பர் பிளேட் காயறதுக்குள்ள வந்து நிக்கும். எல்லை காத்தவர் இப்ப நெடுஞ்சாலை காக்கிறார்.

எங்க ஃபிளாட்டுக்குப் பின்னால ஆலமரத்தடியில சிவப்பு மாடம் ஒண்ணு இருக்கு, நாத்துக் கோங்னு இடத்தைக் காக்கிற சாமி. உள்ள உட்கார்ந்திருக்கிறவர் சொங்கோக் தொப்பி போட்ட மலாய்த் தாத்தா. கும்பிடுறவங்க எல்லாம் சீனர்கள். பன்றி இறைச்சி படைக்க மாட்டாங்க. வெத்தலை, ரோக்கோ டாவுன் சுருட்டு, கெமெஞான் சாம்பிராணிப் புகைதான். எங்க அம்மா மல்லிகைப் பூ வச்சுட்டு வருவாங்க. கேட்டா, "இடத்துக்காரரு, மரியாதை குடுக்கணும்"ம்பாங்க. இது எந்த ஆகமம்?

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 9:30

தங்க ரதமா வெள்ளி ரதமா என்று இரண்டு பேர் ஆரம்பித்த சண்டையைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். 2017லிருந்து நடக்கும் சண்டை, இங்கே தீராது. ஒரு பதிவில் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்ததால் நீக்கிவிட்டேன். மற்றவர்கள் தொடரவும், நன்றாகப் போகிறது.

சூலியா தெரு நானா | திங்கள், காலை 10:05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நம்ம வீட்டுச் சண்டையும் இதேதான், அதான் எழுத உட்கார்ந்தேன்.

சூலியா தெருவும் கிங் ஸ்திரீட்டும் சேர்ற முனையில நாகூர் தர்கா இருக்கே, அதைக் கடக்காத பினாங்குத் தமிழன் கிடையாது. 1800களின் தொடக்கத்துலயே வந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801. அதாவது பிரான்சிஸ் லைட் 1786இல் வந்து ஊரை உண்டாக்கி ரொம்ப நாள் ஆகல, அதுக்குள்ள நம்ம மரைக்காயர்களும் மாலுமிகளும் தொழுகைக்கு ஒரு இடம், நேர்ச்சைக்கு ஒரு இடம்னு ரெண்டையும் கட்டிட்டாங்க. இங்க அடக்கம் யாரும் கிடையாது. நாகூர்ல அடங்கியிருக்கிற ஷாஹுல் ஹமீது பாதுஷா நினைவுக்கு எழுப்பினது. அவங்க 16ஆம் நூற்றாண்டு, குவாலியர் முஹம்மது கௌஸ் அவங்களோட சீடர். நடுக்கடல்ல ஓட்டை விழுந்த கப்பலை, நாகூர்க் கரையில இருந்தே கையிலிருந்த கண்ணாடியை எறிஞ்சு அடைச்சாங்கங்கிறது நாகூர்ல பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிஞ்ச கதை. கடல் தாண்டி வந்தவங்க வேற யாரைக் கூப்பிடுவாங்க? சிங்கப்பூர் தெலுக் ஆயர்ல இறங்கினவங்களும் 1830க்குள்ள ஒண்ணு கட்டிட்டாங்க.

நாகூர்ல இருக்கிற ஐந்து மினாராவுல உசந்ததைக் கட்டிக் கொடுத்தது தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப் சிங். இங்கயும் விளக்குக்கு எண்ணெய் கொண்டாந்து, பாத்திஹா ஓதி, சீனி வாங்கிட்டுப் போற இந்து அக்காமாரை நான் சின்னப் பிள்ளையில இருந்து பார்க்கிறேன்.

சைவநெறி ஐயா உள்ளம் பெருங்கோயில்னு எழுதினாங்க. எங்க பக்கம் குணங்குடி மஸ்தான் சாகிபு இருக்காங்க, 1792இல் பிறந்து 1838இல் மறைஞ்ச சூஃபி. மனோன்மணின்னு இறைவனைக் காதலியாக் கூப்பிட்டுக் கண்ணி கண்ணியாப் பாடினவங்க. பேரை மறைச்சுட்டுப் படிச்சா சித்தர் பாட்டுன்னு சொல்லிடுவீங்க.

இப்ப "நிறுத்தப் பார்த்தாங்களா"ன்னு தங்கச்சி கேட்டதுக்கு வர்றேன். பார்த்தாங்க, இந்த ஊர்லயே.

1920களில் மலாய் முஸ்லிம்கள்ல காவும் மூடா (இளையவங்க), காவும் துவா (மூத்தவங்க)ன்னு ரெண்டு அணி. மூடா அணியோட பெரிய எழுத்தாளர் சையது ஷேக் அல்-ஹாதி இங்கதான் இருந்தார். 1926இல் அல்-இக்வான் பத்திரிகை, 1927இல் ஜெலுத்தோங் அச்சகம், 1928இல் சௌதாரா. கெராமாட்னு சொல்ற புனிதர் அடக்கத்தலத்துக்கு நேர்ச்சை, செத்தவங்களுக்குக் கெண்டூரி விருந்து, தாயத்து இதெல்லாம் குர்ஆன்ல எங்க இருக்குன்னு அந்த அணி கேட்டுச்சு. உங்க மாமா கேட்கிற அதே கேள்வி, நூல் பேர் மட்டும் வேற.

அப்புறம் 1929 டிசம்பர்ல நாகப்பட்டினத்துல கப்பலேறிப் பெரியாரும் நாகம்மையாரும் பினாங்குல வந்து இறங்கினாங்க. காவடியும் சாமியாட்டமும் மூடப் பழக்கம்னு சொல்ற இயக்கம். சௌதாரா பத்திரிகை அச்சாகிற ஊருக்குள்ள, ஒரு மூணு மைல் வட்டத்துக்குள்ள, ரெண்டு பக்கத்துச் சீர்திருத்தக்காரங்களும் ரெண்டு பக்கத்து ஏழை ஜனங்களைப் பார்த்து ஒரே நேரத்துல நிறுத்துங்கன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு பக்கமும் நிறுத்தல. தர்காவுல கந்தூரி விழா நடக்குது, காவடியும் நடக்குது. இதுல யாருக்கு வெற்றின்னு நான் கணக்குப் போடல. பள்ளிக்கூடம், பத்திரிகை எல்லாம் சீர்திருத்தக்காரங்களால வந்தது, அதையும் சொல்லணும். எங்க பெரியப்பா மகன் தர்கா பக்கமே வரமாட்டார். எங்க உம்மா வெள்ளிக்கிழமை ராவானா போகாம இருக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே மேசையில நோன்பு திறப்பாங்க.

சைவநெறி பினாங்கு | திங்கள், பிற்பகல் 12:50

நானா, பெரியாரையும் என்னையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டீர்களே! அவர் காவடியை விடச் சொல்லிவிட்டு என்னிடம் முருகனையும் விடச் சொல்வார்.

நிற்க. நல்ல செய்திகள், நன்றி. மஸ்தான் சாகிபுவைப் படித்திருக்கிறேன், சொன்னது சரி. ஆனால் நீடித்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. கிடாய் வெட்டும் தோட்டக் கோயில்களில் பல இன்று சைவப் படையலுக்கு மாறிவிட்டன. ஜனங்கள் மாறுவார்கள். மாற்றுவதற்கு ஆள் வேண்டும். மரியாதையாக மாற்ற வேண்டும் என்பதில் கிராணி பேத்தியின் அம்மா பக்கம் நான்.

கூலிம் மாரியம்மா | திங்கள், இரவு 10:22

ஆம்பளைங்க எல்லாம் காவடியையே பேசிக்கிட்டிருக்கீங்க. கேள்வி கேட்ட பொண்ணு அம்மாச்சியைப் பத்தியும்தான் கேட்டுச்சு.

எங்க தோட்டத்துல சாதாரண நாள்ல கங்காணி முன்னாடி தலை நிமிராத பொம்பளைங்க இருந்தாங்க. ஆடிமாசக் கூழ் ஊத்துறப்ப அருள் வந்துடுச்சுன்னா அதே பொம்பளை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா. "எம்புள்ளைங்க வயித்துல அடிக்கிறியே, நீ நல்லாயிருப்பியா"ன்னு கேட்பா. அவர் கைகட்டி நிக்கணும், ஏன்னா கேக்கிறது மாரியம்மா. மறுநாள் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனா பழையபடிதான். ஆனா சொன்னது சொன்னதுதான், ஊரே கேட்டுடுச்சு. தண்ணி அடிச்சுட்டு வந்து அடிக்கிற புருஷனுங்க அந்த ஒரு வாரம் சத்தமில்லாம இருந்ததையும் பார்த்திருக்கேன்.

இதை நடிப்புன்னு சொல்றவங்க இருக்காங்க. நான் அப்படி நினைக்கல. அவங்களுக்கு அப்புறம் கேட்டா ஞாபகம் இருக்காது, கண்ணு சிவந்து தண்ணி கேட்பாங்க. எலிசபெத் கோலின்ஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் பினாங்குத் தைப்பூசத்தைத்தான் ஆராய்ஞ்சு 1997இல் நூல் எழுதினாங்க. அதுக்கு முன்னாடி 1984இல் கோலின் வார்டுன்னு ஒரு உளவியலாளர் நம்ம தைப்பூச மருளைப் பத்திக் கட்டுரை எழுதினாங்க. ரெண்டு பேருமே இதைப் பைத்தியம்னு ஒதுக்கல. சடங்குக்குள்ள, ஊர் கண்ணு முன்னாடி, வர்ற வழியும் போற வழியும் தெரிஞ்சு நடக்கிற ஒண்ணுன்னு பார்த்தாங்க. உருமி தம்பி எழுதினதும் அதேதான், அவர் யார்கிட்டயும் பட்டம் வாங்கல.

நகரத்துக் கோயில்ல பொம்பளைக்கு அருள் வந்தா இப்ப கமிட்டிக்காரங்க ஓடிவந்து தண்ணி தெளிச்சு உட்காரவைக்கிறாங்க. ஆம்பளை காவடியில ஆடினா மட்டும் வீடியோ. எனக்கு ஆகமச் சண்டையைவிட இதுதான் வலிக்குது.

கிராணி பேத்தி | செவ்வாய், இரவு 9:40

எல்லாரோடதையும் ரெண்டு தடவை படிச்சேன். மாரியம்மா அக்கா, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அம்மாச்சி ஒரு தடவை தாத்தாவையே அப்படிக் கேட்டிருக்காங்களாம். தாத்தா கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, செக்ரோல்ங்கிற கூலிப் பதிவேட்டுல ஒரு பொம்பளையோட நாள்கூலியை விட்டுட்டார்னு ஊர்ல பேச்சு. அருள்ல வந்து, "கணக்கைத் திருத்து"ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. தாத்தா திருத்தினாராம். இது எனக்கு இத்தனை நாளாத் தெரியாது. மாமாவுக்கும் தெரியுமான்னு கேட்கணும்.

உருமி தம்பி, பழைய ஆளுங்க வாசிச்ச அடியை யாராவது பதிவு பண்ணி வச்சிருக்காங்களா? நானா, கந்தூரி எப்ப வருது? அம்மா போகணும்கிறாங்க.

உருமி தம்பி | செவ்வாய், இரவு 10:03

எங்க வாத்தியார் வீட்டுல கேசட் கொஞ்சம் இருக்குக்கா. பூஞ்சை பிடிச்சிருக்கு. மாத்தத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா தனிச்செய்தி போடுங்க.

ரயில்ரோட்டுக் கதைகள் | செவ்வாய், இரவு 10:10

என்கிட்ட கேசட் டெக் இருக்கு. போட்டாச்சு.

சூலியா தெரு நானா | புதன், காலை 6:55

தங்கச்சி, கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாசம். முதல் பிறையில கொடியேத்தம், பத்தாம் பிறைக்குச் சந்தனம். பிறைக் கணக்குங்கிறதால இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால வந்துக்கிட்டே இருக்கும், காலண்டர் பார்த்துட்டுக் கிளம்புங்க. நாகூர் மாதிரி பெருங்கூட்டம் இருக்காது, ஆனா லிட்டில் இந்தியாவுல கார் நிறுத்த இடமே கிடைக்காது. கொம்தார் கட்டடத்துல காரை விட்டுட்டு நடந்து வாங்க. அம்மாவுக்கு முழங்கால் வலின்னா கிங் ஸ்திரீட் பக்கமா வந்து இறக்கி விடலாம். மாமா வந்தா அவரையும் கூட்டிட்டு வாங்க, எங்க பெரியப்பா மகன்கூட அவருக்குப் பேச்சு நல்லா ஒத்துப்போகும்.